அம்பாசடர் எஸ்.யூ. கார்புரேட்டர்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

இது பழைய பெட்ரோல் அம்பாசடருக்கானது. 1489 சிசி என்ஜின், ஒற்றை எஸ்.யூ. கார்புரேட்டர். பானெட்டைத் திறந்ததும் மணி கவிழ்த்த மாதிரி ஒரு டோம், அதன் உச்சியில் திருகு மூடி தெரிந்தால் உங்கள் வண்டி இந்த ரகம். பின்னாளில் வந்த பல வண்டிகளில் சோலெக்ஸ் இருக்கும். 1992க்குப் பிறகு வந்த 1800 இசுசு என்ஜினில் இருப்பதும் வேறு சாமான். அவற்றுக்கு இது பொருந்தாது. மோரிஸ் மைனர், மோரிஸ் ஆக்ஸ்போர்டு வைத்திருப்பவர்களுக்கு முறை பொருந்தும், அளவுகள் மட்டும் கொஞ்சம் மாறும்.

எஸ்.யூ. மிக எளிமையான கார்புரேட்டர். ஒரு பிஸ்டன், அதில் தொங்கும் ஒரு நீடில் (ஊசி), கீழே பெட்ரோல் வரும் ஒரு ஜெட், பக்கத்தில் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் சேம்பர், அவ்வளவுதான். எளிமையாக இருப்பதுதான் வினையும்கூட. ஜெட்டுக்குக் கீழே இருக்கும் நட் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதால், எந்தக் கோளாறு வந்தாலும் எல்லோரும் முதலில் அதைத்தான் திருகுகிறார்கள். தானாக அது நகராது. பக்கத்தில் ஸ்ப்ரிங் அழுத்திப் பிடித்திருக்கும். நேற்று வரை நன்றாக ஓடிய வண்டி இன்று மக்கர் பண்ணினால், காரணம் அந்த நட் அல்ல. அதைத் தொடுவது கடைசி வேலை.

## ஸ்பேனர் எடுப்பதற்கு முன்

கார்புரேட்டர் கோளாறு என்று வரும் வண்டிகளில் பாதிக்குப் பாதி கரன்ட் கோளாறு. ஒரு பழைய கணக்கு உண்டு: சுவிட்சை அணைத்த மாதிரி சட்டென்று நின்றால் கரன்ட்; விக்கி விக்கி, இழுத்து இழுத்து நின்றால் பெட்ரோல். நூற்றுக்கு நூறு சரி என்று சொல்லமாட்டேன், ஆனால் எந்தப் பக்கம் தேடத் தொடங்குவது என்று முடிவெடுக்க இது போதும்.

டேப்பட் இடைவெளி 15 தௌ (ஒரு தௌ என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு), டெல்கோவில் (டிஸ்ட்ரிபியூட்டரில்) பாயிண்ட் இடைவெளி 14 முதல் 16 தௌ, பிளக் இடைவெளி 25 தௌ. இந்த மூன்றையும் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு, டைமிங்கும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி அடைப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இவை சரியில்லாமல் கார்புரேட்டரை டியூன் செய்தால், ஒரு கோளாறை இன்னொன்றால் மூடி மறைக்கிறீர்கள்.

இன்னொன்று. இந்த என்ஜினில் கார்புரேட்டரும் சைலன்சர் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். கார்புரேட்டரில் சொட்டும் பெட்ரோல் நேராகப் பழுக்கக் காய்ந்த இரும்பில் விழும். பெட்ரோல் பைப்பைக் கழற்றும் எந்த வேலைக்கும் என்ஜின் ஆறியிருக்க வேண்டும். தீயணைப்பான் ஒன்று கையருகே இருக்கட்டும்.

## காலையில் செல்ஃப் அடிக்கிறது, வண்டி எடுக்கவில்லை

வண்டி ஒரு வாரத்துக்கு மேல் நின்றிருந்ததா? ஃப்ளோட் சேம்பரில் இருந்த பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும். செல்ஃபை அடித்து அடித்து பேட்டரியைக் கொல்ல வேண்டாம். மெக்கானிக்கல் பம்பில் (நம் ஊரில் ஏ.சி. பம்ப் என்பார்கள்) அடியில் சின்ன கை லீவர் இருக்கும். அதைப் பத்துப் பதினைந்து முறை அடித்தால் சேம்பர் நிறைந்துவிடும். லீவர் கனமே இல்லாமல் லொடலொடவென்று ஆடினால், பம்ப் உட்கார்ந்திருக்கும் கேம் உச்சியில் நிற்கிறது என்று அர்த்தம். என்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி அடியுங்கள்.

சோக் இழுத்தால் ஜெட் இறங்குகிறதா? எஸ்.யூ.வில் காற்றை மூடும் தகடு கிடையாது. சோக் இழுத்தால் ஜெட் கீழே இறங்கும். நீடிலுக்கும் ஜெட்டுக்கும் நடுவே இடைவெளி கூடி பெட்ரோல் அதிகமாக வரும். ஒருவர் உள்ளே சோக்கை இழுக்க, நீங்கள் கார்புரேட்டரின் அடிப்பக்கம் பாருங்கள். முதல் கொஞ்ச தூரத்துக்கு ரேஸ் மட்டும்தான் கூடும், ஜெட் அசையாது. அது கோளாறு அல்ல, அமைப்பே அப்படி. முழுக்க இழுத்தும் ஜெட் இறங்கவில்லை என்றால் கேபிள் நழுவியிருக்கும். திருப்புளி போதும்.

பெட்ரோல் வருகிறதா? காயில் வயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் பைப்பைக் கழற்றி ஒரு பாட்டிலில் விடுங்கள். செல்ஃப் அடிக்கும்போது விட்டு விட்டு வேகமாகப் பீச்ச வேண்டும். ஒழுகினாலோ குமிழியோடு வந்தாலோ, டாங்கிலிருந்து பம்ப் வரை உள்ள ரப்பர் துண்டுகளைப் பாருங்கள். வெளியே சொட்டாத ஓட்டை வழியாகவும் பம்ப் காற்றை இழுத்துவிடும்.

பிளக் நனைந்திருக்கிறதா? கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, ஸ்பார்க்தான் போதவில்லை. காய வைத்து, சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள்.

எப்போது மெக்கானிக்: ஆயில் ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ ஆயில் அளவு கூடியிருந்தாலோ பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த நிலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. பம்பையும் ஆயிலையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

## பெட்ரோல் வழிகிறது

எங்கிருந்து வழிகிறது என்பதைப் பொறுத்து வேலை வேறு. முதலில் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பம்பை கையால் அடித்துக்கொண்டே டார்ச் அடித்துப் பாருங்கள். என்ஜின் ஓட வேண்டியதில்லை.

### ஃப்ளோட் சேம்பர் மூடியின் ஓவர்ஃப்ளோ குழாயிலிருந்து, அல்லது கார்புரேட்டர் வாயிலிருந்து

உள்ளே வரும் பெட்ரோலை நிறுத்த வேண்டிய ஃப்ளோட் வால்வு நிறுத்தவில்லை.

மலிவான காரணம், தூசி. பழைய டாங்கில் துரு இல்லாமல் இருக்காது. ஒரு துகள் வால்வில் மாட்டினால் போதும். திருப்புளியின் பிடியால் சேம்பர் மூடியைப் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டுங்கள். நின்றுவிட்டால் இப்போதைக்குப் பிழைத்தீர்கள், ஆனால் திரும்ப வரும். பம்புக்கு முன்னால் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஃபில்டர் ஒன்று போடுங்கள். ஒரு மாதத்தில் அது எவ்வளவு காவி நிறமாகிறது என்று பார்த்தால் டாங்கின் நிலைமை தெரிந்துவிடும்.

தட்டியும் நிற்கவில்லையா? மூடியைக் கழற்றுங்கள். மூடியைத் தலைகீழாகப் பிடித்தால் ஃப்ளோட் தன் எடையால் வால்வை மூடியிருக்கும். பெட்ரோல் வரும் துளையில் சின்ன குழாயை மாட்டி வாயால் ஊதுங்கள். காற்று துளியும் போகக் கூடாது. போனால் வால்வு முனையைப் பாருங்கள்: சுற்றிலும் ஒரு வளையம் பதிந்திருந்தால் தேய்ந்துவிட்டது. வால்வையும் அது உட்காரும் சீட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். முனை மட்டும் புதிதாகப் போட்டால் பழைய சீட்டில் மூடாது.

அடுத்து ஃப்ளோட். பித்தளை ஃப்ளோட் என்றால் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சளக் என்று சத்தம் கேட்டால் ஓட்டை. எங்கே ஓட்டை என்று தெரிய வெந்நீரில் அமுக்குங்கள், குமிழி வரும் இடம் அதுதான். ஈயம் வைத்து அடைக்கலாம், ஆனால் ஈயம் கூடினால் ஃப்ளோட் கனத்துவிடும், பிறகு பெட்ரோல் மட்டம் தானாக ஏறும். முடிந்தால் புதிது போடுங்கள்.

ஃப்ளோட் நைலான் என்றால், தலைகீழாகப் பிடித்த மூடியின் விளிம்புக்கும் ஃப்ளோட்டுக்கும் நடுவே 3 முதல் 5 மி.மீ. இடைவெளி. 3 மி.மீ. டிரில் பிட் ஒன்றே கேஜ். பித்தளை ஃப்ளோட்டுக்கு அளவு வேறு, அதுவும் சேம்பரைப் பொறுத்து மாறும்; வண்டியின் மேனுவலைப் பாருங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் வழிகிறது, வண்டியில் யாரோ எலக்ட்ரிக் பம்ப் போட்டிருக்கிறார்கள் என்றால் சந்தேகம் பம்ப் மேல்தான். எஸ்.யூ. வால்வு சுமார் 3 பிஎஸ்ஐக்கு மேல் தாங்காது. இன்ஜெக்‌ஷன் வண்டியின் பம்ப் கொடுக்கும் அழுத்தமோ அதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். அதை இதில் மாட்டுவது வம்பை விலைக்கு வாங்குவது.

### அடியிலிருந்து, ஜெட் பக்கம்

இரண்டு ரகம் உண்டு. ஃப்ளோட் சேம்பரின் அடியிலிருந்து ஜெட்டுக்கு மெல்லிய நைலான் குழாய் போனால் எச்.எஸ். ரகம். குழாய் இல்லாமல் சேம்பர் நேராக போல்ட்டில் பிணைந்திருந்தால் பழைய எச். ரகம்.

எச்.எஸ்.ஸில் நைலான் குழாய் சேம்பருக்குள் நுழையும் இடத்தில் சின்ன ரப்பர் வளையம் இருக்கும். கசிகிறதே என்று நட்டை மேலும் மேலும் இறுக்கினால் ரப்பர் பிதுங்கி இன்னும் கசியும். புது வளையம் போட்டு, பிடிக்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

எச். ரகத்தில் ஜெட்டைச் சுற்றி கார்க் வளையங்கள். வண்டி மாதக்கணக்கில் நின்றால் கார்க் காய்ந்து சுருங்கிக் கசியும். சில சமயம் பெட்ரோலில் ஊறி ஓரிரு நாளில் தானாக அடங்கும். அடங்கவில்லை என்றால் மாற்றத்தான் வேண்டும். மாட்டுவதற்கு முன் புதுக் கார்க்கை ஆயிலில் ஊற வையுங்கள். ஜெட் முழுவதும் பிரிந்து வரும், திரும்ப மாட்டும்போது நடுப்படுத்த வேண்டும் (எப்படி என்று கீழே இருக்கிறது). பழக்கமில்லாதவர்கள் இந்த இடத்தில் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது.

இப்போது பங்க்கில் பிடிப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய காலத்து ரப்பர் குழாயும் வளையமும் இதில் ஊதி, மெத்தென்று ஆகி, உரியத் தொடங்கும். உரிந்த கறுப்புத் தூள்தான் பல நேரம் ஃப்ளோட் வால்வில் மாட்டுவது. எத்தனால் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்கி எல்லாத் துண்டுகளையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். பெரிய செலவில்லை.

## நன்றாக ஓடியது, டீ குடித்துவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகவில்லை

சித்திரை, வைகாசியில் அதிகம் வரும் புகார். என்ஜினை அணைத்ததும் கீழிருக்கும் மேனிஃபோல்டின் சூடு மேலே ஏறி, சேம்பரில் உள்ள பெட்ரோல் கொதித்து உள்ளே வழிந்துவிடும். அல்லது பம்பிலும் பைப்பிலும் ஆவி அடைத்துக்கொள்ளும். முதலாவதில் பிளக் நனைந்திருக்கும், இரண்டாவதில் காய்ந்திருக்கும்.

முதலாவதற்கு: சோக் வேண்டாம். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். விட்டு விட்டு மிதிக்காதீர்கள். இரண்டாவதற்கு: ஈரத் துணியை பம்ப் மேல் போட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். பழைய டாக்ஸி டிரைவர்கள் ஈரச் சாக்கு வைத்திருந்தது இதற்குத்தான்.

நிரந்தரமாகச் சரி செய்ய, கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே சூட்டைத் தடுக்கும் தடிமனான கட்டையும், அடியில் தகர மறைப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். யாராவது ஒரு முறை கழற்றியபோது தேவையில்லாத சாமான் என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். அந்தத் தகரம் இல்லாத வண்டிகளை அடிக்கடி பார்க்கிறேன். பெட்ரோல் பைப் மேனிஃபோல்டை ஒட்டிப் போனால் தள்ளிக் கட்டுங்கள்.

இதெல்லாம் இருந்தும் வருகிறது, கூடவே டெம்பரேச்சர் முள்ளும் ஏறுகிறது என்றால் கோளாறு கார்புரேட்டரில் இல்லை. ரேடியேட்டர் ஆளைப் பாருங்கள்.

## ஐட்லிங் நிற்கவில்லை, அல்லது ஏறி ஏறி இறங்குகிறது

இங்கேதான் ஜெட் நட்டுக்கு அதிக அடி விழுகிறது.

முதலில் சோக்கை உள்ளே தள்ளிவிட்டு, ஜெட்டை அடியிலிருந்து விரலால் மேலே தள்ளிப் பாருங்கள். இன்னும் மேலே போனால் அது முழுக்கத் திரும்பவில்லை. லிங்கைச் சுத்தம் செய்து எண்ணெய் விடுங்கள். ரேஸ் ஸ்க்ரூ சோக்கின் கேமில் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சோக் உள்ளே இருக்கும்போது நடுவே மெல்லிய காகிதம் நுழையும் அளவு இடைவெளி வேண்டும்.

அடுத்தது காற்றுக் கசிவு. சோப்பு நீரை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, என்ஜின் ஓடும்போது கார்புரேட்டர் பேக்கிங், மேனிஃபோல்டு பேக்கிங், வாக்குவம் குழாய்கள் என்று ஒவ்வொரு இடமாக அடியுங்கள். பெட்ரோலோ கார்புரேட்டர் ஸ்ப்ரேயோ வேண்டாம், கீழே மேனிஃபோல்டு நெருப்பாக இருக்கிறது. டெல்கோ மேலும் தெறிக்க விடாதீர்கள். எந்த இடத்தில் அடிக்கும்போது என்ஜின் சத்தம் மாறுகிறதோ அங்கே கசிவு. இந்த என்ஜினில் காற்று போகும் மேனிஃபோல்டையும் புகை வரும் மேனிஃபோல்டையும் ஒரே பெரிய வாஷர் சேர்த்து அழுத்திப் பிடிக்கும். இரண்டின் தடிமனும் சமமாக இல்லாவிட்டால் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் ஒரு பக்கம் காற்று வாங்கும்.

டெல்கோவுக்குப் போகும் வாக்குவம் குழாயை டெல்கோ பக்கம் விட்டுவிட்டுக் கார்புரேட்டர் பக்கம் மட்டும் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். நாக்கை வைத்து அடைத்தால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்கவில்லை என்றால் டெல்கோவின் டயாஃப்ரம் போய்விட்டது.

கடைசியாக, ஆக்சிலேட்டர் தண்டு. கார்புரேட்டரின் குறுக்கே போகும் அந்தத் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கையில் உணரும் அளவுக்கு இருந்தால் அதன் வழியாகக் காற்று போகிறது. இந்த வண்டியை யார் டியூன் செய்தாலும் ஐட்லிங்குக்காகப் பெட்ரோலைக் கூட்டுவார்கள், ஓட்டத்தில் கறுப்புப் புகை தள்ளும். திருகித் தீராத கோளாறு இது. புஷ் அடிக்க லேத் வேண்டும், எஸ்.யூ. பார்த்துப் பழகிய ஆளிடம் கார்புரேட்டரை மட்டும் கழற்றிக் கொடுங்கள்.

## ஆக்சிலேட்டர் மிதித்தால் மூச்சு முட்டுகிறது

டோம் உச்சியில் இருக்கும் மூடியைத் திருகி எடுங்கள். அடியில் ஒரு கம்பி, அதன் முனையில் குட்டி பிஸ்டன்: டேம்பர். அது முழுகும் அளவுக்கு ஆயில் இருக்க வேண்டும். உள்ளே தெரியும் பிஸ்டன் தண்டு பொள்ளலாக இருக்கும். அதன் மேல் விளிம்புக்கு மேல் 13 மி.மீ. ஆயில். மூடியை மெதுவாக இறக்கும்போது மரை தொடுவதற்குச் சுமார் 6 மி.மீ. முன்பே ஆயிலின் எதிர்ப்பு விரலில் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ஆயில் இல்லை. இந்தப் புகாரோடு வரும் வண்டிகளில் முதலில் நான் திறப்பது இந்த மூடியைத்தான், பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

எஸ்ஏஇ 20 ஆயில் ஊற்றச் சொல்வார்கள். கிடைக்காவிட்டால் வண்டிக்கு ஊற்றும் 20டபிள்யூ40 போதும். கியர் ஆயில் வேண்டாம், பிஸ்டன் எழ மறுக்கும். பிரேக் ஆயில் கூடவே கூடாது.

ஆயில் இருந்தும் முட்டுகிறதா? பிஸ்டன் சோதனை. ஏர் ஃபில்டரையும் டேம்பரையும் கழற்றுங்கள். கார்புரேட்டர் வாயில் விரலை விட்டு பிஸ்டனை மேலே தூக்கி, சட்டென்று விடுங்கள். தடையில்லாமல் இறங்கி, அடியில் உலோகம் உலோகத்தில் தட்டும் தெளிவான ‘டக்’ கேட்க வேண்டும். மந்தமாக இறங்கினாலோ சத்தமே வராவிட்டாலோ எங்கோ உரசுகிறது. எங்கே? இப்போது சோக்கை முழுக்க இழுத்து ஜெட்டை இறக்கிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

### ஜெட் இறங்கியும் ‘டக்’ வரவில்லை

பிஸ்டனுக்கும் டோமுக்கும் நடுவே அழுக்கு. டோம் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஸ்க்ரூக்களை எடுத்து டோமை நேராக மேலே தூக்குங்கள். உள்ளே ஸ்ப்ரிங் துள்ளும், கவனம். பிஸ்டனை வெளியே எடுக்கும்போது நீடில் வளையக் கூடாது, எனவே அதை மேஜையில் நிறுத்தாமல் ஒரு பாட்டிலின் வாயில் தொங்க விடுங்கள். பெட்ரோலில் நனைத்த துணியால் இரண்டையும் துடையுங்கள். எமரி காகிதம் தொடவே கூடாது. டோமும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்தவை, இன்னொரு வண்டியின் டோமும் சேராது. மெல்லிய தண்டில் மட்டும் ஒரு துளி ஆயில், அகலமான பகுதி வெறுமனே காய்ந்திருக்கட்டும்.

### ஜெட் இறங்கினால் ‘டக்’ வருகிறது, ஏறினால் வரவில்லை

நீடில் ஜெட்டின் ஓரத்தில் உரசுகிறது. ஜெட்டை நடுப்படுத்த வேண்டும். ஜெட் நட்டின் ஸ்ப்ரிங்கை எடுத்துவிட்டு நட்டை முழுக்க மேலே ஏற்றுங்கள். ஏற்றும்போது எத்தனை பட்டை (நட்டின் ஆறு முகங்களில் ஒன்று ஒரு பட்டை) திரும்பியது என்று எண்ணி எழுதி வையுங்கள். அதற்கு மேலே இருக்கும் பெரிய லாக் நட்டை, ஜெட் பக்கவாட்டில் அசையும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். டேம்பர் துளை வழியாகப் பென்சிலை விட்டு பிஸ்டனை அடிவரை அழுத்திப் பிடியுங்கள். நீடிலே ஜெட்டை நடுவுக்குக் கொண்டுவரும். அழுத்தியபடியே லாக் நட்டை இறுக்குங்கள். மறுபடி ‘டக்’ சோதனை. முதல் முறையே வந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நாலைந்து முறை செய்தும் வரவில்லை என்றால் நீடில் வளைந்திருக்கிறது, அல்லது ஜெட் துளை முட்டை வடிவில் தேய்ந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து வாங்குங்கள். நீடிலின் தலையில் குறியெழுத்து அடித்திருக்கும். அதே எழுத்து வேண்டும், ‘இதுவும் அம்பாசடர்தான் சார்’ என்று கடைக்காரர் நீட்டுவது அல்ல. மாட்டும்போது நீடிலின் தோள்பட்டை பிஸ்டனின் அடிமுகத்தோடு மட்டமாக நிற்க வேண்டும்.

## கறுப்புப் புகை, மைலேஜ் இல்லை

ஏர் ஃபில்டர், திரும்பாத ஜெட், உயர்ந்த பெட்ரோல் மட்டம். இந்த வரிசையில் பாருங்கள். மூன்றும் மேலே சொல்லியாயிற்று. மூன்றும் சரியென்றால்தான் நட். நட்டை மேலேற்றியும் புகை குறையவில்லை என்றால் ஜெட்டும் நீடிலும் தேய்ந்துவிட்டன. புகை நீலமாக இருந்தால் அது ஆயில், ரிங் வேலை, கார்புரேட்டரை விட்டுவிடுங்கள்.

## ஊருக்குள் சரி, ஹைவேயில் இழுவை போகிறது

டாங்க் மூடி. ஆமாம், அதுதான் முதலில். ஒரு மார்க் 3 வண்டி செங்கல்பட்டு தாண்டினால் திணறி நின்றுவிடும், கால் மணி நேரம் நின்றால் தானாகச் சரியாகும். கார்புரேட்டரை இரண்டு இடத்தில் பிரித்துப் பார்த்திருந்தார்கள், பம்பும் புதிது. நிற்கும் நேரத்தில் டாங்க் மூடியைத் திறந்ததும் ‘புஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தது. பழைய மூடி தொலைந்து, காற்றுத் துளை இல்லாத மூடியொன்றை யாரோ போட்டிருந்தார்கள். டாங்கில் காற்று நுழைய வழியில்லை என்றால் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது.

மூடி சரியென்றால் ஃபில்டர், பிறகு டாங்கின் உள்ளே குழாயின் முனை, பிறகு பம்ப். எச். ரகத்தில் சேம்பருக்குள் பைப் நுழையும் இடத்தில் ஒரு சின்ன வலை ஃபில்டர் ஒளிந்திருக்கும். பலருக்கு அது இருப்பதே தெரியாது. டாங்கைக் கழுவ வேண்டுமென்றால் வெளியே கொடுங்கள். காலி பெட்ரோல் டாங்கில் வீட்டில் வெல்டிங் கனவு வேண்டவே வேண்டாம்.

## சரி, இப்போது நட்

மேலே உள்ளதெல்லாம் தீர்ந்தபிறகு. என்ஜின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும், கடைத்தெரு வரை ஒரு நடை போய்வந்த சூடு போதாது. சோக் முழுக்க உள்ளே.

பழைய செட்டிங் எங்கிருக்கிறது என்றே தெரியாத வண்டி என்றால் அடியிலிருந்து தொடங்குங்கள். டோமையும் பிஸ்டனையும் எடுத்துவிட்டு, ஜெட்டின் மேல்முகம் அது எட்டிப் பார்க்கும் மேடையோடு மட்டமாக நிற்கும் வரை நட்டை மேலேற்றுங்கள். அங்கிருந்து 12 பட்டை, அதாவது இரண்டு சுற்று, கீழே இறக்குங்கள். வண்டி இதில் ஓடும்.

நட்டை இறக்கினால் பெட்ரோல் கூடும், ஏற்றினால் குறையும். ஒரு நேரத்தில் ஒரு பட்டை. ஒவ்வொரு முறையும் ஜெட்டை விரலால் மேலே தள்ளி நட்டில் உட்கார வையுங்கள், ஒரு முறை ரேஸ் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். பிறகு சோதனை: பிஸ்டனை மிக மெல்ல, ஒரு மி.மீ.க்கும் குறைவாகத் தூக்குங்கள். எச்.எஸ்.ஸில் இதற்கென்றே பக்கத்தில் ஒரு குட்டி பின் உண்டு. இல்லாவிட்டால் மெல்லிய திருப்புளி.

என்ஜின் வேகம் ஏறி, ஏறியபடியே நின்றால் பெட்ரோல் கூடுதல்: நட்டை ஏற்றுங்கள். உடனே இறங்கி நிற்கப் போனால் குறைவு: இறக்குங்கள். கொஞ்சம் ஏறி, திரும்பப் பழைய வேகத்துக்கு வந்தால் சரி. ஒரு பட்டை முன்னே பின்னே போய்ப் பார்த்தால் அந்த இடம் காதுக்கே பிடிபடும். அதன்பிறகுதான் ஐட்லிங் ஸ்க்ரூ.

எத்தனால் பெட்ரோலில் இதே செட்டிங் கொஞ்சம் வறண்டு (பெட்ரோல் குறைவாக) நிற்கும், ஏனென்றால் எத்தனாலுக்கு எரியக் காற்று குறைவாகவே வேண்டும். கார்புரேட்டர் வாயில் ‘பட்’ என்று தும்மினால், இழுவையில் தட்டுச் சத்தம் வந்தால், ஒன்றிரண்டு பட்டை கீழே இறக்குங்கள். பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, ஓட்டத்திலேயே அணைத்து ஓரம் நிறுத்தி பிளக்கைப் பாருங்கள்: கரி பிடித்திருந்தால் கூடுதல், சுண்ணாம்பு வெள்ளை என்றால் குறைவு, இளம் பழுப்பு சரி.

புகைப் பரிசோதனை மையத்தில் கூட்டமில்லாத நேரத்தில் போனால், குழாயை சைலன்சரில் வைத்தபடியே நட்டைத் திருக அனுமதிப்பார்கள், கேட்டுப் பாருங்கள். இப்படிப்பட்ட பழைய வண்டிகளுக்கு கார்பன் மோனாக்சைடு வரம்பு 3 சதவீதம். அதற்குள் இழுவையும் இருந்தால் ஒரு பெயின்ட் புள்ளி வைத்துவிட்டு வாருங்கள்.

## ஊட்டி போனால் மட்டும் புகைகிறது

சமவெளியில் சரியாக வைத்த வண்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் பெட்ரோல் கூடுதலாகத்தான் குடிக்கும். மேலே காற்று மெலிந்திருக்கிறது. அங்கே நட்டை ஏற்றி டியூன் செய்துகொண்டு மேட்டுப்பாளையம் இறங்கினால் என்ஜின் சூடேறித் தட்டும். இரண்டு நாள் தங்கல் என்றால் அப்படியே விடுங்கள். அங்கேயே குடியிருக்கிற வண்டி என்றால் அங்கேயே, அந்த ஊர்க் காற்றில் டியூன் செய்யுங்கள்.